மூச்சை எண்ணுங்கள்: சளி, இருமல், நிமோனியா – வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி மழை தொடங்கியதும் வழக்கம்போல சளி, இருமல் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறோம். குழந்தைநல மருத்துவரும் நெஞ்சக நோய் மருத்துவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. சளி பிடித்து நான்கு நாள் ஆகிறது. முதலில் தண்ணீராக ஒழுகியது, இப்போது பச்சையாகக் கெட்டியாக வருகிறது. போன மாதம் இதேபோல வந்தபோது மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் சிரப் 3 நாள் கொடுக்கச் சொன்னார்கள், சரியாகிவிட்டது. பாட்டிலில் மிச்சம் இருக்கிறது. அதையே கொடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கொடுக்காதீர்கள். மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. பொடியில் தண்ணீர் கலக்கும் வகை என்றால் பத்து நாளுக்கு மேல் அதில் வீரியமும் இருக்காது.

பச்சை நிறத்தைப் பார்த்துப் பயப்படுவது நம் ஊரில் ரொம்ப நாளாக இருக்கும் பழக்கம். கிருமியை எதிர்க்க மூக்குச் சவ்வுக்கு வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. அவற்றுக்குள் மைலோபெராக்சிடேஸ் என்று இரும்புச்சத்து கொண்ட ஒரு நொதி உண்டு. அதன் நிறமே பச்சை. வெள்ளையணுக்கள் செத்து உடையும்போது அந்த நிறம் சளியில் கலக்கிறது. வந்திருப்பது வைரஸா பாக்டீரியாவா என்பதை இது சொல்லாது. காலையில் எழுந்ததும் அடர் பச்சையாகவும் மத்தியானம் வெளிறியும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ராத்திரி முழுக்கத் தேங்கியதால் வந்த அடர்த்திதான் அது.

சாதாரணச் சளிக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் இரண்டு நாள் தொண்டை கரகரப்பு, தும்மல், தண்ணீர் ஒழுகல். மூன்றாம், நான்காம் நாள் கெட்டியாகி நிறம் மாறும். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் மூக்கு அடங்கும். இருமல் மட்டும் பின்தங்கி நிற்கும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது போக 25 நாள் வரை ஆகலாம். போன மாதம் நான்காம் நாள் மருந்தைத் தொடங்கி மூன்று நாள் கொடுத்திருந்தால், முடித்தது ஆறாம் நாள். சளி தானாகவே அடங்கத் தொடங்கும் நேரம் அது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொன்றுக்கும் அசித்ரோமைசின் என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்த மருந்து மூன்று நாளில் முடிந்தாலும் உடம்பில் பல நாள் தங்கும். அத்தனை நாளும் தொண்டையில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதற்குப் பழகிக்கொள்கின்றன. நிஜமாகவே தேவைப்படும் நாளில் மருந்து கைவிடும்.

ஆன்டிபயாடிக் பற்றி டாக்டர் யோசிக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் மூன்று. பத்து நாள் தாண்டியும் மூக்கு ஒழுகலோ பகல் இருமலோ கொஞ்சமும் குறையாதது. தொடக்கத்திலேயே 39 டிகிரி செல்சியஸுக்கு (102 பாரன்ஹீட்) மேல் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் சேர்ந்து மூன்று நாள் விடாமல் இருப்பது. குறைந்து வந்த சளி ஆறாம், ஏழாம் நாளில் புதுக் காய்ச்சலோடு திரும்புவது. சைனஸில் பாக்டீரியா புகுந்திருக்கலாம் என்பதற்கு இவைதான் அடையாளம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி.; இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேர இடைவெளி; 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் வேண்டாம். அளவு பெரும்பாலும் தப்புவது பாட்டிலால்தான். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வேண்டும். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் அது 6 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளதில் 3 மி.லி. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி.தான். சொட்டு மருந்தை சிரப் அளவில் ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும், கல்லீரல் தாங்காது. லேபிளைப் படிக்காமல் மூடியில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: 8 மாதப் பெண் குழந்தை. இரண்டு நாளாகச் சளி. நெஞ்சில் கர் கர் என்று சத்தம், முதுகில் கை வைத்தால் அதிர்வு தெரிகிறது. நெஞ்சுச்சளி கட்டிவிட்டது, நிமோனியாவாக இருக்கும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கைக்குழந்தைக்குக் காறித் துப்பத் தெரியாது. தொண்டையின் பின்பக்கம் தேங்கிய சளி மூச்சோடு சேர்ந்து அதிரும்போது அந்தச் சத்தம் நெஞ்சு முழுக்கக் கேட்கும், கையிலும் தெரியும். நுரையீரலில் கோளாறு என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. நிமோனியாவில் நேர்மாறாகச் சத்தமே இல்லாமலும் இருக்கலாம். அதனால் காதைவிடக் கண்ணை நம்புங்கள். ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் கிராமச் செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. வீட்டிலும் செய்யலாம்.

குழந்தை தூங்கும்போதோ மடியில் அமைதியாக இருக்கும்போதோ சட்டையை மார்புவரை தூக்கிவிடுங்கள். செல்போனில் 60 விநாடி வைத்துக்கொண்டு, வயிறு ஒருமுறை எழுந்து தாழ்வதை ஒன்று என்று எண்ணுங்கள். பிறந்து 2 மாதம் ஆகாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் வந்தால் அது வேக மூச்சு. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எண்ணுவதில் மூன்று தப்பு நடக்கும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது முதல் தப்பு. கைக்குழந்தை நாலு மூச்சு வேகமாக விடும், கொஞ்சம் நிறுத்தும், மறுபடி விடும். முழு நிமிடம் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணுவது இரண்டாவது. மூன்றாவது, காய்ச்சலோடு எண்ணிவிட்டு அதையே முடிவாக எடுத்துக்கொள்வது. காய்ச்சல் மூச்சை வேகப்படுத்தும். பாராசிட்டமால் கொடுத்து உடம்பு தணிந்த பின் இன்னொரு முறை எண்ணுங்கள்.

எண்ணி முடித்ததும் கண்ணை எடுக்காமல் விலா எலும்பு முடிந்து வயிறு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து எழ வேண்டும். வயிறு எழும்போது கீழ் விலா உள்ளே குழிந்து பள்ளம் விழுந்தால், எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, வலிப்பு, உதடும் நாக்கும் நீலம் பாய்வது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் – இவற்றில் ஒன்று இருந்தாலும் 108.

வேக மூச்சு மட்டும்தான், பள்ளமோ மற்ற அபாய அறிகுறியோ இல்லை என்றால் பெரும்பாலும் அமாக்சிசிலின் சிரப் எழுதித் தந்து, இரண்டு நாளில் திரும்ப வரச் சொல்வார்கள். அந்த மறுவருகையைத் தவறவிடாதீர்கள். நன்றாக விளையாடிக்கொண்டு, பால் குடித்துக்கொண்டு, 50-க்குக் கீழே மூச்சு விடும் குழந்தைக்கு எக்ஸ்ரே தேவையில்லை.

இரண்டு வயதுக்குள் இன்னொன்றும் வரும். ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்கள் நுரையீரலின் மிகச் சிறிய குழாய்களை வீங்கவைக்கும் பிராங்கியோலைட்டிஸ். சாதாரணச் சளியாகத் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மோசமாகும், விசில் போல இழுப்புச் சத்தம் கேட்கும். உங்கள் குழந்தை இப்போது இரண்டாம் நாளில் இருப்பதால் அடுத்த மூன்று நாள் காலை, மாலை, ராத்திரி மூன்று வேளையும் எண்ணி ஒரு தாளில் குறித்து வையுங்கள். வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிதான் இறங்குகிறது, 12 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் அதுவும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய கட்டம். இந்த நோய்க்கு ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. மருத்துவமனையில் தரும் உண்மையான சிகிச்சை ஆக்சிஜனும், பால் இறங்க வழி செய்வதும்தான்.

கேள்வி: பிரசவம் முடிந்து 40 நாள். குழந்தையைக் குளிப்பாட்டியதும் மாமியார் மூக்கில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடுகிறார், வாய் வைத்து மூக்கில் ஊதுகிறார். சளி வந்தால் தொண்டையில் விரல் விட்டு எடுக்கிறார். 'உன் வீட்டுக்காரனை இப்படித்தான் வளர்த்தேன்' என்கிறார். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மூன்றுமே வேண்டாம். இதில் மிக மோசமானது எண்ணெய்தான். தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் அப்படியல்ல, இருமலைத் தூண்டாமலே வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கும். சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண் இழைகளை அது முடக்கிவிடும். உள்ளே போன எண்ணெயை வெள்ளையணுக்கள் விழுங்கும், ஆனால் செரிக்க முடியாமல் அப்படியே தேங்கி நிற்கும். லிப்பாய்டு நிமோனியா என்று இதற்குப் பெயர். வாரக்கணக்கில் வேக மூச்சும் இருமலுமாகக் குழந்தை எடை ஏறாமல் இருக்கும், ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்தும் எக்ஸ்ரேயில் நிழல் மறையாது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இது நன்றாகத் தெரிந்த நோய். 'மூக்கில் எண்ணெய் விடுகிறீர்களா' என்று யாராவது கேட்கும்வரை காரணம் பிடிபடாது.

ஊதினால் பெரியவரின் வாய்க் கிருமி நேரே குழந்தையின் மூக்குக்குள் போகும். விரல் விட்டால் தொண்டைச் சவ்வு கிழியும். மாமியாரிடம் எண்ணெயை விடச் சொல்லிச் சண்டை போடுவதைவிட இடத்தை மாற்றச் சொல்லுங்கள்: உடம்புக்கும் கை காலுக்கும் தாராளமாகத் தேய்க்கட்டும், முகத்தில் மூக்குக்கு வந்தால் நிறுத்தட்டும். அடுத்த தடுப்பூசி நாளில் அவரையும் கூட்டிப்போய் செவிலியர் வாயால் சொல்லவைப்பது இன்னும் நல்லது.

மூக்கு அடைத்தால் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பயன்படுத்தலாம். பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்றிரண்டு சொட்டு. இந்த வயதுக் குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும்; அடைத்தால் பால் குடிக்க முடியாமல் வீறிடும், அதைப் பசியின்மை என்று நினைத்துவிடுவோம். சாம்பிராணிப் புகையும் இதே நுண் இழைகளைக் கெடுக்கும். தலைமுடி காயத் துண்டு போதும்.

கேள்வி: பெரியவர்களுக்கு மூக்கடைப்பு வந்தால் உப்புத் தண்ணீரால் கழுவலாமா? ஆவி பிடிப்பது நல்லதா?
– வாசகர், சென்னை

பதில்: கழுவலாம், தண்ணீரில் கவனம் வேண்டும். 300 மி.லி. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தலைதட்டிய அரைத் தேக்கரண்டிப் பொடி உப்பைக் கரையுங்கள். கண்ணீரின் உப்புக்குச் சமமாக இருக்கும், எரியாது. குழாய்த் தண்ணீரையோ கிணற்று நீரையோ அப்படியே மூக்கில் ஏற்றக் கூடாது. கேரளத்தில் 2024, 2025-ல் பலருக்கு வந்த அமீபா மூளைக்காய்ச்சல் மூக்கில் ஏறும் தண்ணீர் வழியாகப் போவதுதான். கரைசலை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஆவி கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், நோயின் நாள்களைக் குறைக்காது. பெரியவர்கள் பாத்திரத்தைத் தரையில் ஆடாமல் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். கொதிநீர் தொடையில் கவிழ்ந்த குழந்தையின் நிலைமை சளியைவிடப் பல மடங்கு மோசம். தண்ணீரில் கற்பூரம் போடுவதும், 2 வயதுக்குள் மூக்கடியில் கற்பூரத் தைலம் தடவுவதும் கூடாது. கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கும்.

கேள்வி: இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்த செய்திக்குப் பிறகு எந்த சிரப்பையும் தொடப் பயமாக இருக்கிறது. இரண்டரை வயது மகள் ராத்திரியெல்லாம் இருமுகிறாள். என்ன கொடுப்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சிரப்பில் கலந்திருந்தது டைஎதிலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைத் திரவம். பார்வைக்கும் இனிப்புக்கும் மருந்துக்கரைப்பான் போலவே இருக்கும், உள்ளே போனால் சிறுநீர் நின்றுவிடும். அது கலப்படத்தின் கொடுமை. ஆனால் கலப்படம் இல்லாத சிரப்பும் இந்த வயதுக்குத் தேவையில்லை என்பதுதான் பலரும் கவனிக்காத செய்தி. சளி சிரப்புகளில் இருக்கும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் சேர்ந்த கலவையை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டார். இரண்டு வயதுக்குள் எந்த இருமல், சளி மருந்தும் கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்பது 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையின் அறிவுறுத்தல்.

மகளுக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டித் தேன் கொடுங்கள். ஆறு வயதுக்கு மேல் ஒரு தேக்கரண்டி. ராத்திரி இருமலைக் குறைப்பதில் தேனுக்கு ஆய்வு ஆதாரமே உண்டு. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் ஒரு சொட்டுகூட வேண்டாம், சேனை வைக்கவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

இருமல் ராத்திரியில் நாய் குரைப்பது போலக் கேட்டு, மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அது வேறு. குரல்வளை வீங்கும் குரூப் என்ற நோய். குழந்தையை அழவிடாமல் நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்து ஒரே ஒரு வேளை பெரும்பாலும் போதும்.

கேள்வி: 3 வயதுப் பேரனுக்கு நான்கு மாதத்தில் மூன்றாவது முறையாக நிமோனியா. ஒவ்வொரு முறையும் வலது பக்கம் கீழே என்கிறார்கள். எதிர்ப்பு சக்தி குறைவா?
– வாசகர், மதுரை

பதில்: எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தைக்குத் தொற்று இடம் மாறி மாறி வரும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடத்தில் ஏதோ அடைத்திருக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். பேரன் எப்போதாவது வேர்க்கடலை, பட்டாணி, சீத்தாப்பழ விதை, புளியங்கொட்டை வாயில் போட்டுப் புரையேறி, கொஞ்ச நேரம் மூச்சுமுட்ட இருமி, பிறகு சாதாரணமாகிவிட்டானா என்று வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள், முக்கியமாக அவனோடு விளையாடும் அக்கா அண்ணன்களிடம். அந்த 'பிறகு சாதாரணமாகிவிட்டான்' என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். பொருள் குழாயில் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டால் இருமல் அடங்கிவிடும்.

வலது மூச்சுக்குழாய் இடதைவிட அகலம், குட்டை, நேராகக் கீழே இறங்குவது. அதனால் விழுவது பெரும்பாலும் அங்கேதான் போகும். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. ஈரத்தில் ஊறிப் பெருத்து, அதன் எண்ணெய் சுற்றியுள்ள சவ்வைப் புண்ணாக்கும். அடைப்புக்குக் கீழே சளி தேங்கி நிமோனியாவாகும். ஆன்டிபயாடிக் காய்ச்சலைக் குறைக்கும், கடலையை எடுக்காது. மூன்று எக்ஸ்ரே படங்களையும் தேதி வாரியாக எடுத்துக்கொண்டு பிராங்கோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மயக்கம் கொடுத்துக் குழாய் வழியாகப் பார்த்து எடுத்துவிடுவார்கள்.

இனிமேலுக்காக: 4 வயது வரை முழுக்கடலை தர வேண்டாம், அரைத்துக் கொடுக்கலாம். அடைத்த குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். சத்தமும் மூச்சும் வரவில்லை என்றால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 முறை தட்டி, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே 5 முறை உள்நோக்கி மேலே அழுத்துங்கள். ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றை அழுத்தக் கூடாது, நெஞ்சு நடுவே ஒரு உள்ளங்கை அடியால் 5 முறை. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்காக வாயில் விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. ஒரு மாதமாக இருமல், 4 கிலோ இளைத்துவிட்டார். ஒரு டாக்டர் லெவோஃப்ளாக்சசின் கொடுத்தார், பத்து நாள் குறைந்து திரும்ப வந்துவிட்டது. சளிப் பரிசோதனையில் 'எச்சில் மட்டுமே' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிபி என்றால் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே?
– வாசகர், வேலூர்

பதில்: இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றாலே சளிப் பரிசோதனை. எடையும் இளைத்து, சர்க்கரையும் இருந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. சர்க்கரை இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். அதனால் பத்து நாள் குணமானது போல் தெரிந்து, நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும், கிருமி அந்த மருந்துக்குப் பழகியும்விடும். காரணம் தெரியாத இருமலுக்கு அந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சளி கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மருத்துவமனையில் கொடுக்கும் டப்பாவை முதல் நாளே வாங்கி வையுங்கள். காலையில் எழுந்ததும், பல் துலக்கும் முன், வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வெட்டவெளிக்கோ ஜன்னல் திறந்த இடத்துக்கோ போய், மற்றவர்கள் விலகி நிற்க, ஆழமாக மூச்சை இழுத்துச் சில விநாடி அடக்கி மெல்ல விடட்டும். இப்படி இரண்டு முறை. மூன்றாவது மூச்சில் அடிவயிற்றிலிருந்து இருமி, வந்ததை நேராக டப்பாவில் துப்ப வேண்டும். கெட்டியாக, கொழகொழப்பாக 2 மி.லி.யாவது வேண்டும். நுரையும் தண்ணீருமாக இருந்தால் அது எச்சில், மறுபடி இருமட்டும். மூடியை இறுக்கி அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். மருத்துவமனையிலேயே இன்னொரு மாதிரியும் எடுப்பார்கள். சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் போட்டால் கிருமி இருப்பதும், முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதும் சில மணி நேரத்தில் தெரியும். அரசு மருத்துவமனையில் இலவசம். எக்ஸ்ரேயும் எடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நிழல் வழக்கமான மேல்பகுதியில் இல்லாமல் கீழ்ப்பகுதியிலும் விழும், சாதாரண நிமோனியா என்று ஏமாற வாய்ப்புண்டு.

காசநோய்தான் என்று தெரிந்து, மருந்து கேட்கும் கிருமியாக இருந்தால், 2 மாதம் நான்கு மருந்து, பிறகு 4 மாதம் மூன்று மருந்து. எடை பார்த்து மாத்திரை எண்ணிக்கை முடிவாகும். தினமும் சாப்பிட வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளித்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மருந்தை நிறுத்திவிட்டு அன்றே போய்க் காட்டுங்கள். சர்க்கரை மாத்திரையின் அளவையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும், ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மருந்துகளின் வேலையைக் குறைக்கும். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசின் திட்டத்தில் வங்கிக் கணக்குக்கு வரும், கேட்டு வாங்குங்கள்.

தட்டு, டம்ளர் தனியாக வைப்பதால் பயன் இல்லை. இது பரவுவது காற்றில். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது அவர் வாயை மூடட்டும், முதல் சில வாரம் தனியறையில் படுக்கட்டும். அவரை ஒதுக்கி வைக்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் இதைச் சொல்லுங்கள்: 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் இன்னொரு பகுதியை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வந்தது. வீட்டு சிகிச்சையும் அதே அளவு பலன் தந்தது, வீட்டாருக்கு நோய் கூடுதலாகவும் வரவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் சென்னையின் அந்த ஆய்வு பெரிய காரணம். சிகிச்சை தொடங்கும் முன்பே உங்கள் வீட்டுக் குழந்தைகள் அதே காற்றைச் சுவாசித்திருப்பார்கள். அதனால் எல்லாரையும் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியான பின் தடுப்பு மருந்து தருவார்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74. காய்ச்சல் இல்லை, இருமலும் லேசுதான். நேற்றிலிருந்து பேச்சு குழறுபடியாக இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை. ஆக்சிமீட்டரில் 93 காட்டுகிறது. வயசான சோர்வுதானா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இதைப் படிக்கும்வரை காத்திருக்க மாட்டீர்கள் என்று நம்பி, உங்களுக்குத் தனியாக அப்போதே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக: முதியவர்களுக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாமல் வரும். திடீர்க் குழப்பம், சாப்பிட மறுப்பது, கீழே விழுவது ஆகியவையே முதல் அறிகுறியாக இருக்கும். 65 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகக் குழப்பம் வந்தாலும், மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தொட்டாலும், ரத்த அழுத்தத்தில் மேல் எண் 90-க்குக் கீழே போனாலும் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

ஆக்சிமீட்டரில் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நெயில் பாலிஷ், மருதாணி இல்லாத விரலில் மாட்டி, எண் அரை நிமிடம் ஆடாமல் நின்ற பிறகு படியுங்கள். 95-ம் அதற்கு மேலும் சரி. 94, 93 என்றால் டாக்டரிடம். 92-ம் அதற்குக் கீழேயும் அவசரம். கறுத்த தோலில் கருவி ஓரிரு புள்ளி கூட்டிக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நெடுங்கால நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு மட்டும் 88–92 போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். அவர்களுக்குத் தன்னிச்சையாக ஆக்சிஜனை ஏற்றிவிடக் கூடாது.

பக்கவாதம் வந்தவர்களுக்குச் சாப்பாடே புரையேறி நுரையீரலில் இறங்கும். படுக்கையில் சாய்த்து ஊட்டாமல் நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி, அரை மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். ரசம் சாதம்போல நீர்த்ததைவிடக் குழைந்த கெட்டி உணவு பத்திரமாக இறங்கும். இரண்டு வேளையும் பல்லையும் பல்செட்டையும் தேய்த்துவிட்டால் வாய்க் கிருமி நெஞ்சுக்குப் போவது குறையும்.

கேள்வி: 9 வயது மகளுக்குத் தொண்டை வலி, காய்ச்சல். இருமல் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை. இதற்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம்தானே?
– வாசகர், புதுச்சேரி

பதில்: இதற்கு வேண்டியிருக்கலாம். 5 முதல் 15 வயதில் இருமல் இல்லாமல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறி மூன்றும் சேர்ந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். டாக்டர் உறுதிசெய்து அமாக்சிசிலின் எழுதினால் 10 நாளும் முழுக்கக் கொடுங்கள். மூன்றாம் நாள் வலி போய்விடும். மீதி ஏழு நாள் கொடுப்பது வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்காமல் இருக்க.

கேள்வி: ஃப்ளூ ஊசி எந்த மாதம் போட்டுக்கொள்வது? போட்டால் சளியே பிடிக்காதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சளி பிடிக்கும். சளிக்குக் காரணமான ரைனோ வைரஸில் மட்டும் 160-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு, அவற்றுக்கு இந்த ஊசி இல்லை. இன்ஃப்ளூயன்சா வந்து நிமோனியாவில் போய் முடியும் வாய்ப்பைக் குறைக்கத்தான் இது. 65 தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஆண்டுதோறும் போட வேண்டும். சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ உச்சம் தொடுவது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் செப்டம்பர் நல்ல மாதம். உங்கள் ஊருக்குத் தென்மேற்குப் பருவமழையும் வருவதால் மே மாதம் போட்டாலும் தப்பில்லை. தவறவிட்டிருந்தால் இப்போதும் போடலாம். 9 வயதுக்குள் முதல்முறை போடும் குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. அன்றைக்கு லேசான சளி இருந்தால் தள்ளிப்போட வேண்டாம், காய்ச்சல் இருந்தால் மட்டும் தணிந்த பின் போங்கள்.